மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு மாமனார் போட்ட வெப்சைட்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் தலை குனிந்து எழுதிக்கொள்வது. நீங்களும் பாப்பாவும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பயிற்சி வகுப்புகள் நல்லபடியாக நடப்பதாகப் போன வாரம் போனில் பாப்பா சொன்னாள், கேட்டு மகிழ்ந்தோம். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். வாசல் குழாய் மட்டும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. என் சௌக்கியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைச் சாப்பிட்ட பிறகு படியுங்கள். உட்கார்ந்து படியுங்கள். பாப்பா பக்கத்தில் இருந்தால் அவளை ஏதாவது வேலையாக வெளியே அனுப்பிவிட்டுப் படியுங்கள். அவளாவது இன்னும் கொஞ்ச காலத்துக்குத் தன் அப்பா விவரமானவர் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். இது நம் இருவருக்குள் மட்டும் இருக்க வேண்டிய விஷயம். மூன்றாம் பேர் காதுக்குப் போனால் நான் இந்தத் தெருவிலேயே இருக்க முடியாது.

நீங்கள் இருவரும் ஆறு வாரப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பிராணி ஆஸ்பத்திரி திறப்பதற்குள் ஒரு வெப்சைட் போட வேண்டும், ஆள் தேடக்கூட நேரமில்லை என்று பாப்பா கவலைப்பட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டும் இருக்கலாம் என்பதை முப்பத்து நான்கு வருஷ அச்சக உத்தியோகத்திலும் நான் கற்றுக்கொள்ளவில்லை. "அதுக்கு எதுக்கும்மா ஆளு? அப்பா எதுக்கு இருக்கேன்?" என்றேன். நீங்கள், "மாமாவுக்கு எதுக்குச் சிரமம்?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அது பயம் என்று இப்போதுதான் புரிகிறது. அதோடு நிறுத்தாமல், திறப்பு நாள் வரை நீங்கள் இருவரும் அந்த வெப்சைட்டைத் திறந்தே பார்க்கக் கூடாது, எனக்குச் சத்தியம் செய்து கொடுங்கள் என்று ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கொடுத்தீர்கள். அந்தச் சத்தியம் ஒன்றுதான் இன்றைக்கு எனக்கு மிச்சமிருக்கும் ஆறுதல்.

நான் ஆழம் தெரியாமல் காலை விட்டவன் இல்லை மாப்பிள்ளை, ஒரு வீடியோவை நம்பிக் காலை விட்டவன். அதில் ஒரு பெண் வந்து, ஒன்றுமே தெரியாதவர்கள்கூடப் பத்தே நிமிடத்தில் சொந்தமாக வெப்சைட் போடலாம் என்று சிரித்த முகமாகச் சொல்கிறாள். ஒன்றுமே தெரியாதவர் என்ற தகுதி என்னிடம் பூரணமாக இருந்ததால் தைரியமாக உட்கார்ந்தேன். முதலில் பெயர் பிடியுங்கள், அடுத்து தயாராக இருக்கும் மாதிரிப் பக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பிறகு படங்களையும் எழுத்தையும் இழுத்து இழுத்து விடுங்கள், கடைசியில் வெளியிடுங்கள், அவ்வளவுதான் என்றாள். 'அவ்வளவுதான்' என்று அவள் சொல்லும் இடம் ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு முழு நாள் போயிற்று. பெயருக்கு மட்டும் இரண்டு நாள். உலகத்தில் நல்ல பெயர் அத்தனையையும் யாரோ முன்னாடியே பிடித்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் கதவு எண் மாதிரி நடுவில் இரண்டு கோடும் பின்னால் ஒரு ஏழும் போட்டுத்தான் நமக்குக் கிடைத்தது. அவள் பேசுகிற வேகத்துக்கு நான் அவளை நிறுத்தி நிறுத்திக் கேட்டதில், உங்கள் அத்தை சமையலறையிலிருந்து, "அந்தப் பொண்ணு ஒரு வாக்கியத்த முடிக்கட்டுமேங்க, பாவம்!" என்று பரிந்து பேச ஆரம்பித்துவிட்டாள். பத்து நிமிட வேலை பதினோரு நாளில் முடிந்தது.

மாதிரி தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் சனி பிடித்தது. பிராணிகளுக்கான ஆஸ்பத்திரி மாதிரி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் மேல் ஒரு பூட்டுப் படம் போட்டிருந்தது. திறக்க வேண்டுமானால் சந்தா கட்டு என்றது. அதற்குப் பக்கத்திலேயே பச்சை நிறத்தில் லட்சணமாக இன்னொன்று, பூட்டு இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அது ஓட்டலுக்கான மாதிரி என்பது எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. தெரிந்தேதான் எடுத்தேன். ஒரு படம், கீழே ஒரு பெயர், அதற்குக் கீழே இரண்டு வரி விளக்கம் என்று வரிசை வரிசையாக இருந்தது. ஓட்டல்காரன் பலகாரத்தைப் போடுகிற இடத்தில் நாம் வைத்தியத்தைப் போட்டால் தீர்ந்தது. வீட்டை யாருக்காகக் கட்டியிருந்தால் என்ன, குடிவருகிறவன் தன் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டால் போதாதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பெயர்ப் பலகையை மாட்ட முடிந்தது, பழைய பலகையைக் கழற்றத்தான் முடியவில்லை. படங்களுக்கு மேலே அந்த மாதிரியோடு பிறந்த தலைப்புகள் பதினான்கு இருந்தன. அதில் ஒன்றை அழித்தால் அந்த வரிசையே மாயமாகிவிடுகிறது. திரும்பக் கொண்டுவர அரை நாள் ஆகிறது. மூன்று தடவை அப்படி ஆன பிறகு எனக்கு அச்சகத்துப் பழைய யுக்தி ஒன்று ஞாபகம் வந்தது. புரூஃப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு வரி தப்பாகிவிட்டால் பக்கம் முழுவதையும் மறுபடி செய்யாமல், சரியான வரியைத் தனியாக வெட்டி அந்தத் தப்பின் மேல் ஒட்டிவிடுவோம். அதையே இங்கும் செய்தேன். ஒவ்வொரு படத்தையும் இழுத்து அந்தத் தலைப்பு மறைகிற மாதிரி அதன் மேலேயே வைத்தேன். தலைப்பு அடியில், படம் மேலே. பார்த்தால் ஒன்றும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனை ஊர் கேலி செய்யும், நான் பதினான்கு பூசணிக்காயை மறைத்தேன்.

படங்கள் எல்லாம் உங்கள் ஆல்பத்திலிருந்து எடுத்தவை. காலில் கட்டுப் போட்ட ஆட்டுக்குட்டி, தடுப்பூசி போட்டுக்கொள்ளும் கோழி, நீங்கள் பழைய ஆஸ்பத்திரியில் இருந்தபோது கால் எலும்பை ஒட்டவைத்த அந்த வெள்ளை முயல், கையுறையோடும் பச்சை அங்கியோடும் நீங்கள் நிற்கிற படம், புதிதாகக் கட்டிய ஆபரேஷன் அறை, எல்லாவற்றையும் போட்டேன். பிறகு பழக்கதோஷத்தில் ஏழு பக்கத்தையும் காகிதத்தில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப், மூன்றாம் புரூஃப். ஒரு கமா பிசகவில்லை. உங்கள் அத்தையிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆடு கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கு" என்றாள். அது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் பயந்ததோ என்னவோ. கடைசிப் பக்கத்தில் 'வெளியிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெளியிட்டேன். காகிதத்தில் பார்த்தேன், கம்ப்யூட்டரில் பார்த்தேன். போனில் பார்க்கவில்லை. என்னிடம் இருப்பது பொத்தான் போன், அதில் பார்க்க முடியாது. மற்ற எல்லோரும் அதில்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியிட்டதோடு விட்டேனா? வெப்சைட் முகவரியைச் சின்னச் சின்னச் சீட்டில் அச்சடித்து நம் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் ஒவ்வொரு தபால் பெட்டியிலும் போட்டேன். பூங்காவில் காலையில் நடக்கிற கோஷ்டியில் ஒருத்தர் விடாமல் கொடுத்தேன். "என் மாப்பிள்ளையோட ஆஸ்பத்திரி. வெப்சைட் நானே போட்டது" என்று இரண்டாவது வாக்கியத்தைத்தான் அழுத்திச் சொன்னேன். மறுநாளிலிருந்து அந்தக் கோஷ்டி என்னைப் பார்த்தால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் உழைப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் காது சூடாகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாவி என்னிடம் இருப்பதால் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கப் போயிருந்தேன். மதியம் பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லோரும் நல்ல உடுப்பு, பெண்கள் கையில் பூங்கொத்து. ஒரு பெரியவர் இறங்கியதுமே சுவரில் சாய்ந்துகொண்டார். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"சார், ரெடியா? நாங்க புக் பண்ணியிருந்தோம். எட்டுப் பேர்" என்றார்.

முதல் நோயாளி திறப்பு நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டதே என்று எனக்குப் புல்லரித்தது. "டாக்டர் இன்னும் வரலீங்களே. சரி, பேஷன்ட் எங்க?" என்று வேனுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"பேஷன்ட்டா?"

"ஆமா, எட்டுன்னு சொன்னீங்களே. ஆடா, மாடா?"

அவர் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "எங்கப்பாவுக்கு சுகர் இருக்குதான். அதுக்காக இப்படியா சார் கேப்பீங்க? நீங்க சொன்னீங்கன்னு காலையிலேருந்து அவரு பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடல."

"நான் சொன்னேனா?"

"புக் பண்ணதும் பதில் வந்துச்சே சார். வர்றதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியே எதுவும் குடுக்காதீங்க, தண்ணி மட்டும் குடுக்கலாம்னு. இவ்ளோ நம்பிக்கையா சொல்றாங்கன்னா சாப்பாடு எப்படி இருக்கும்னு எங்க வீட்டுல ஒரே பேச்சு. எங்க அம்மா அப்பா கல்யாண நாளு சார் இன்னிக்கு."

அந்த வாக்கியம் உங்களுடையது மாப்பிள்ளை. ஆபரேஷனுக்கு முன்னால் பிராணிகளைப் பட்டினி போட வேண்டும் என்று நீங்கள் எழுதிவைத்திருந்த குறிப்பை நான்தான் எடுத்து, முன்பதிவு செய்கிறவர்களுக்குத் தானாகப் போகிற பதிலில் சேர்த்தேன். அங்கே 'எத்தனை பேர்?' என்று ஒரு கட்டம் இருந்ததை, எத்தனை உருப்படி என்று கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். திறப்புத் தேதியை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். போனில் அது கடைசிப் பக்கத்துக்கும் கீழே, யாரும் போகாத இடத்துக்குப் போய்விட்டிருந்தது. நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்துவிட்டு, கண்டக்டர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கம்ப்யூட்டரில் பக்கவாட்டில் பரந்து கிடப்பதைப் போன் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டுமாம். அப்படி அடுக்கும்போது, படத்துக்கு அடியில் நான் புதைத்து வைத்திருந்த தலைப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் எழுப்பி, அந்தந்தப் படத்துக்கு மேலே உட்கார வைத்துவிட்டது.

எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. காலில் கட்டுப் போட்ட ஆட்டுக்குட்டிக்கு மேலே 'இன்றைய சிறப்பு'. கோழிக்கு மேலே 'காரம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா? தயங்காமல் கேளுங்கள்'. முயலுக்கு மேலே 'குழந்தைகள் விரும்பிக் கேட்பது'. ஆபரேஷன் அறைக்கு மேலே 'நீங்கள் கண்ணால் பார்க்கலாம், எங்கள் சமையலறையில் ஒளிவுமறைவு இல்லை'. பச்சை அங்கியும் கையுறையுமாக நிற்கும் உங்கள் படத்துக்கு மேலே 'எங்கள் தலைமைச் சமையல்காரர்', கீழே 'பொறுக்கி எடுப்பது முதல் பரிமாறுவது வரை எல்லாம் இவர் கைப்பக்குவம்'. அதற்குக் கீழே உங்கள் பட்டங்கள், பதிவு எண், எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. கடைசியாக, நாய்களுக்கான படுக்கைகள் இருக்கும் அறைக்கு மேலே 'வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பொட்டலம் கட்டித் தரப்படும்'.

முப்பத்து நான்கு வருஷம் மாப்பிள்ளை. பாடப் புத்தகம், அகராதி, ரயில் கால அட்டவணை. என் கண்ணைத் தாண்டி ஓர் எறும்பு ஊர்ந்தது கிடையாது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். அந்தக் கண் இப்போது வாசலில் நின்று பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று பார்த்தால் நீங்கள் போட்டிருக்கும் தரை நல்ல தரை, பிளக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னதும் கண்டக்டரின் மனைவி சிரித்தாள், அம்மா சிரித்தார், பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப சாப்பாடு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் செத்துப்போனேன். எட்டுப் பேரையும் நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் அத்தை வாசலில் அவர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பெரியவருக்கு முதலில் ஒரு தட்டு வைத்தாள். இரண்டு நாளைக்கு இருந்ததெல்லாம் ஒரு மணி நேரத்தில் காலி. கண்டக்டர் நல்ல மனுஷர். போகும்போது நம் வெப்சைட்டில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'சாப்பாடு அப்படியே வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது' என்று எழுதியிருக்கிறார். இப்போது அதைப் படித்துவிட்டு மேலும் பதினொரு குடும்பங்கள் முன்பதிவு செய்திருக்கின்றன.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தைப் பாதி சிரிப்போடாவது எழுதியிருப்பேன். திங்கட்கிழமை அந்த முயலின் சொந்தக்கார அம்மா வந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். உங்களுக்குத் தெரியும், தனியாக இருக்கிறார், அந்த முயல்தான் துணை. கையில் நான் தபால் பெட்டியில் போட்ட சீட்டு இருந்தது. திட்டுவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை.

"இத டாக்டர் தம்பி பாத்துட்டாருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. திறப்பு நாளுக்கு முன்னாடி பாக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு."

"அவரு பாக்கறதுக்குள்ள எடுத்துடுங்க. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. யாராவது காட்டினாலும் இது வேற ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டேன்." சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் நான் மனுஷ டாக்டருங்களோட வேலை பாத்திருக்கேன். என் முயலுக்கு அவரு ராவெல்லாம் முழிச்சு உக்காந்த மாதிரி ஒருத்தரும் உக்காந்து நான் பாத்ததில்லீங்க. நீங்க குடுத்து வச்சவரு."

அவர் போன பிறகு நான் வெகுநேரம் அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உறவில்லாத ஒருவர் உங்கள் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு வருஷமாக நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பாப்பா உங்களைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசிய அன்று, அத்தனை பேர் நடுவில் நான் சொன்னேன், "மனுஷனுக்கு வைத்தியம் பாக்கற படிப்பு கெடைக்காம மாட்டுக்கு ஊசி போடப் போனவருக்கா என் பொண்ண குடுக்கணும்?" என்று. கூடம் நிறையச் சிரித்தார்கள். உங்கள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு கயிற்றைக் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது மாப்பிள்ளை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு நிமிர்ந்து உள்ளே வந்து, "மாமா, முழங்கால் வலி இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டீர்கள்.

அச்சில் தப்பு வந்தால் மறுநாளே திருத்தம் போட வேண்டும். எந்தப் பக்கத்தில் தப்பு வந்ததோ அதே பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் தப்புக்கு நான் ஆறு வருஷமாகத் திருத்தம் போடவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை உங்கள் அறை வாசல் வரை வந்து, "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அதனால்தான் மாப்பிள்ளை இந்த வெப்சைட்டை நானே போடுகிறேன் என்று அடித்துப் பிடித்து வாங்கினேன். 'எங்கள் மருத்துவர்' என்ற பக்கத்தில் உங்களைப் பற்றிப் பத்து வரி எழுதி, அடியில் என் பெயரைப் போட்டு, ஊர் பார்க்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஊர் பார்த்தது. உங்களைச் சமையல்காரராகப் பார்த்தது, உங்கள் கைப்பக்குவத்தைப் பற்றிப் படித்தது. அன்றைக்கு வேண்டுமென்றே அவமானப்படுத்தினேன், இன்றைக்கு நல்லது செய்யப் போய் அவமானப்படுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அன்று சொன்னதற்கும் இன்று செய்ததற்கும் சேர்த்து, தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நேற்று அந்த வெப்சைட்டை வேரோடு அழித்துவிட்டேன். நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் ஆம் என்று அடித்தேன். பதினொரு குடும்பத்துக்கும் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. லேப்டாப்பை உறையில் போட்டுப் பீரோவுக்கு மேலே வைத்துவிடுவேன். இனி அதைத் தொட்டால் என்னை நீங்கள் மாமா என்று கூப்பிட வேண்டாம். நல்ல ஆளாகப் பார்த்து நீங்களே முறையாக வெப்சைட் போட்டுக்கொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இந்தக் கடிதம் நம் இருவருக்குள் மட்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

பாப்பாவுக்கு என் அன்பு. இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கை பட்ட ஜீவன் எல்லாம் எழுந்து நடக்கட்டும், ஆஸ்பத்திரி செழிக்கட்டும் என்று உங்கள் அத்தையும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
மாமா

பின்குறிப்பு: ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இந்தக் கடிதத்தைக் கையால் எழுத உட்கார்ந்தேன், மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். இந்த லேப்டாப்பில் தமிழ் எழுத எனக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அந்த வெப்சைட் செய்கிற பக்கத்தில் 'செய்தி எழுதுங்கள்' என்று ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அதில்தான் எழுதினேன். முடித்துவிட்டுப் புரூஃப் பார்க்க அச்செடுக்கலாம் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். அது அச்செடுக்கும் பொத்தான் இல்லை. 'உங்கள் செய்தி 212 பேருக்கு அனுப்பப்பட்டது' என்று வந்தது. வேரோடு அழித்தேன் என்று சொன்னேனே, அழிந்தது கோழிப் பக்கம் மட்டும்தானாம். வெப்சைட் அப்படியேதான் இருக்கிறது. கடிதம் அதன் முதல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கண்டக்டர் போன் செய்து, "சார், அப்பா அழுதுட்டாரு" என்றார். நடைக் கோஷ்டியில் இன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை.

யார் அந்த 212 பேர் என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். செய்திகள் வந்தால் எங்களுக்கும் அனுப்புங்கள் என்று பதிவு செய்தவர்கள். முதல் பெயர் பாப்பாவுடையது. இரண்டாவது உங்களுடையது. தேதி, நான் வெளியிட்ட அன்றே, மூன்று மணி நேரத்துக்குள். அப்படியானால் சத்தியத்தை மீறி இருவரும் அன்றே பார்த்துவிட்டீர்கள். சமையல்காரர் என்று போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று சாயங்காலம் போனில், "மாமா, ரொம்ப அலையாதீங்க, முழங்கால் வலி வந்துடப் போகுது" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்கள் அத்தை பக்கத்து வீட்டுப் போனில் கடிதத்தைப் படித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். "அத எடுத்தீங்கன்னா பாருங்க" என்கிறாள். எடுக்கிற பொத்தான் எது என்று இப்போது எனக்குத் தெரியும், கண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறது. எடுக்கப் போவதில்லை மாப்பிள்ளை, திருத்தம் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே இருக்கட்டும். இந்தப் பின்குறிப்பையும் அதே வெள்ளைக் கட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை தெரிந்தேதான் அழுத்துகிறேன்.